லப்டொப்பில் பேஸ்: புதிதாகப் பாட்டமைப்பவர்களுக்கு

கோணேசர் திருவிழாவுக்கு ஒரு பக்திப் பாட்டு, கல்யாண வீட்டு வீடியோவுக்கு ஒரு பைலா, உப்புவெளிக் கடற்கரை ஹோட்டலில் போட ஒரு டான்ஸ் ட்ராக். திருகோணமலையில் லப்டொப்பில் பாட்டமைக்கத் தொடங்குபவருக்கு முதலில் வரும் வேலை அநேகமாக இவற்றில் ஒன்றுதான். மூன்றுக்கும் பேஸ், அதாவது பாட்டின் அடியில் ஓடும் கனமான கீழ்ச்சுர வரி, வேண்டும், மூன்றையும் மென்பொருள் பேஸிலேயே முடிக்கலாம்.

புதியவர்கள் நல்ல சவுண்ட் தேடித்தான் நேரத்தைக் கரைக்கிறார்கள். பிரிசெட் (முன்கூட்டியே செய்து வைத்த சவுண்ட்) நூறு கேட்டாயிற்று, இன்னும் கீபோர்ட் வாசித்தது போலத்தான் இருக்கிறது என்பார்கள். அவர்கள் எழுதியதைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு சுரமும் அடுத்த சுரத்தைத் தொடும்வரை இழுபட்டுக் கிடக்கும், இடையில் ஒரு மூச்சு இருக்காது. பேஸில் சுரம் எங்கே தொடங்குகிறது என்பதை எல்லோரும் பார்ப்பார்கள், எங்கே நிற்கிறது என்பதைப் பார்ப்பவர் குறைவு. கீழே சொல்லும் படிகளில் பாதி அந்த நிறுத்தத்தைப் பற்றியவை.

தேவையானவை

பாட்டமைக்கும் மென்பொருளாக ரீப்பர் போதும். 60 நாள் முழு வசதியோடும் பரீட்சித்துப் பார்க்கலாம், பழைய லப்டொப்பிலும் ஓடும். முழுக்க இலவசமாக வேண்டுமென்று எல்எம்எம்எஸ் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் 1.2 பதிப்பு விஎஸ்டி3 வகைப் பிளக்-இன்களை (மென்பொருளுக்குள் சேர்க்கும் கூடுதல் கருவிகளை) திறக்காது. 'இன்ஸ்டோல் பண்ணினேன், பட்டியலில் வரவில்லை' என்ற முறைப்பாட்டுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

பேஸுக்கு மூன்று இலவசப் பிளக்-இன்கள் எடுங்கள். உண்மையான பேஸ் கிட்டாரின் பதிவிலிருந்து செய்த ஆம்பிள் பேஸ் பி லைட், மின்னணு ஒலியான சிந்த் பேஸுக்கு வைட்டலின் இலவசப் பதிப்பு அல்லது சேர்ஜ் எக்ஸ்டி, யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் பாணி ஒலிக்கு டெக்ஸ்ட். களவாக உடைத்த பிளக்-இன் பென்டிரைவில் கைமாறும், வாங்காதீர்கள். வைரஸ் ஒரு பக்கம் இருக்க, பாதி வேலையில் புரோஜெக்ட் திறக்காமல் போனால் யாரிடமும் கேட்க முடியாது.

சுரம் எழுத 25 கட்டைக் கீபோர்ட் இருந்தால் வசதி, இல்லாவிட்டால் மவுஸ் போதும். கீபோர்டில் வாசித்துப் பதிவதென்றால் தாமதத்தைக் குறைக்க வேண்டும். விண்டோஸில் ஓடியோ இன்டர்ஃபேஸின் (லப்டொப்புக்கு ஒலியைக் கொண்டுவந்து கொண்டுபோகும் வெளிப்பெட்டி) சொந்த ஏஸியோ டிரைவரைப் போடுங்கள், இன்டர்ஃபேஸ் இல்லையென்றால் ஏஸியோ4ஓல் என்ற பொது டிரைவர். பஃபர் (ஒரு முறையில் சேர்த்து அனுப்பும் ஒலித்துண்டின் அளவு) 128 சாம்பிள், வேகம் செக்கனுக்கு 48000 சாம்பிள் என்றால் ஏறத்தாழ 2.7 மில்லிசெக்கன் தாமதம். 512 என்றால் 10.7. வாசிக்கும்போது 128, மிக்ஸ் செய்யும்போது 512 அல்லது 1024 என்று மாற்றிக்கொள்ளுங்கள். டக் டக் என்று வெடிக்கும் சத்தம் வந்தால் பஃபர் போதவில்லை. புளூடூத் ஹெட்செட்டில் வாசிக்க முயலவே வேண்டாம், எந்த பஃபரும் அந்தத் தாமதத்தைத் தீர்க்காது. கரண்ட் போகும் ஊரில் தானாகச் சேமிக்கும் இடைவெளியை 2 நிமிடத்துக்கு வைப்பதும் இந்த முதல் நாள் வேலையில் சேரும்.

கட்டையிலிருந்து மிடி எண்ணுக்கு

பாடகர் தன் சுருதியை 'அஞ்சு கட்டை' என்பார், மென்பொருள் ஜி என்று காட்டும். 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ. அரைக் கட்டைகள் இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள். இதுவரை சிக்கல் இல்லை. எந்த ஸ்தாயி என்பதில்தான் தடுமாற்றம், ஏனென்றால் ஒரே சுரத்தை ரீப்பர் ஜி1 என்கிறது, கியூபேஸும் ஏபிள்டனும் ஜி0 என்கின்றன, எஃப்எல் ஸ்டூடியோ ஜி2 என்கிறது. ஆகவே எழுத்தை விட்டு மிடி எண்ணை, அதாவது மென்பொருள் ஒவ்வொரு சுரத்துக்கும் வைத்திருக்கும் எண்ணைப் பிடியுங்கள், அது எங்கும் மாறாது.

நான்கு தந்திப் பேஸ் கிட்டாரின் திறந்த தந்திகள் 28, 33, 38, 43. அதிர்வெண்ணில் 41, 55, 73, 98 ஹேர்ட்ஸ். 28க்குக் கீழே அந்தக் கருவியில் சுரமே இல்லை. ஐந்து தந்திப் பேஸ் 23 வரை, அதாவது 31 ஹேர்ட்ஸ் வரை இறங்கும்.

இதனால் சுருதிக்குச் சுருதி பேஸின் இடம் மாறுகிறது. 5 கட்டைப் பாட்டில் சட்ஜம் 31இல் விழுகிறது, 49 ஹேர்ட்ஸ், கனமான நல்ல இடம். 1 கட்டைப் பாட்டில் சட்ஜத்தை 24இல் எழுதினால் பேஸ் கிட்டார் பிளக்-இன் மௌனமாக இருக்கும், அல்லது அந்தக் கட்டை வாசிப்பு முறையை மாற்றும் சுவிட்சாக இருந்து, விரலால் மீட்டிக்கொண்டிருந்த பேஸ் திடீரென்று ஸ்லாப் (தந்தியைத் தட்டி வாசிக்கும் முறை) அடிக்கத் தொடங்கும். 'பாட்டின் நடுவில் சவுண்ட் தானாக மாறுகிறது' என்பவர்கள் முதலில் 28க்குக் கீழே தவறிப் போட்ட சுரம் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1 கட்டைக்குச் சட்ஜம் 36, கீழ்ப் பஞ்சமம் 31 என்று வைத்தால் பாட்டு முழுவதும் கருவிக்குள்ளேயே நிற்கும்.

ஒரு வரி எழுதுவோம்

மோகனத்தில், 5 கட்டையில், நிமிடத்துக்கு 96 அடி வேகத்தில் ஒரு பக்திப் பாட்டு என்று வைப்போம். மோகனத்தில் மத்திமமும் நிஷாதமும் இல்லை. ஆக உங்களிடம் உள்ள பேஸ் சுரங்கள்: ச 31, ரி 33, க 35, ப 38, த 40. கீழே இறங்க 28இல் ஒரு தைவதம் கிடைக்கும், அது பேஸின் மிகத் தடித்த திறந்த தந்தி. கீழ்ப் பஞ்சமம் 26, நான்கு தந்தியில் கிடையாது.

கீபோர்ட் கோர்ட் பழகியவர்கள் இங்கே கை பழகிய வழியில் நான்காவது கோர்டுக்குப் போய் பேஸில் மத்திமத்தை வைத்துவிடுவார்கள். மேலே பாடகர் மோகனம் பாட, அடியில் பேஸ் வேறு ராகம் காட்டும். மேலே ஒலிக்கும் வேற்றுச் சுரத்தைக் காது சில வேளை மன்னிக்கும், அடியில் ஒலிப்பதை மன்னிக்காது. அந்த இடத்தில் தைவதத்தை வையுங்கள். அல்லது சட்ஜத்திலேயே நில்லுங்கள். தம்பூரா ஓடும் பாட்டில் பேஸ் எட்டு அடிக்கும் சட்ஜத்தில் நின்றால் ஒரு குறையும் இல்லை.

ரீப்பரில் ஒரு அடிக்கு 960 டிக். நான்கு அடிகள் கொண்ட ஒரு பாரை இப்படி நிரப்புங்கள். முதல் அடியில் 31, நீளம் 720 டிக். இரண்டாம் அடியின் பின்பாதியில் மறுபடி 31, 240 டிக். மூன்றாம் அடியில் 38, 720. நான்காம் அடியில் 40, பின்பாதியில் 38, ஒவ்வொன்றும் 360. அடுத்த பாரில் கடைசிச் சுரத்தை மட்டும் 28 ஆக்குங்கள், அது மறுபடி 31க்கு ஏறும்போது பாட்டு முன்னே தள்ளப்படும்.

முதல் சுரம் 960 ஆகாமல் 720 ஆக இருப்பதற்குக் காரணம் இரண்டாம் அடியில் விழும் ஸ்னெயர் ட்ரம். அதற்கு முன் 240 டிக், அதாவது 156 மில்லிசெக்கன், பேஸ் வாய் மூடி இருக்கிறது. அந்த வெற்றிடத்தில் விழுவதால் ஸ்னெயர் வொலியூம் கூட்டாமலேயே பெரிதாகக் கேட்கும். நம்பிக்கை வராவிட்டால் அதே சுரத்தை 960க்கு இழுத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள், ட்ரம்ஸைத் தொடாமலேயே ட்ரம்ஸ் தளர்ந்துபோகும். ஸ்னெயருக்குப் பதில் தவில் என்றாலும் கணக்கு இதுவே. தவிலின் கனமான தொப்பிப் பக்கத்து அடி எங்கே விழுகிறதோ அங்கே பேஸ் முன்கூட்டியே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே உறுமலாகும்.

அடுத்தது வெலோசிட்டி, அதாவது சுரத்தை எவ்வளவு பலமாக அடிக்கிறோம் என்ற அளவு. எல்லாம் 100இல் கிடந்தால் இயந்திரம்தான். முதல் அடி 105, மூன்றாம் அடி 95, மற்றவை 75க்கும் 88க்கும் இடையில். 120ஐத் தாண்டாதீர்கள், பல பேஸ் பிளக்-இன்களில் உச்ச வெலோசிட்டி தந்தி ஃபிரெட்டில் மோதும் ஒலியை எழுப்பும். அங்கங்கே 30 முதல் 45 வெலோசிட்டியில், 50 மில்லிசெக்கன் நீளத்தில், சுருதி கேளாத ஒரு தட்டலைச் செருகலாம். பாருக்கு ஒன்று போதும், மூன்று போட்டால் கொறிக்கும் சத்தம்.

ஒரு சுரம் அடுத்த சுரத்தின் மேல் 10 டிக் ஏறிக் கிடந்தாலே, உண்மையான பதிவிலிருந்து செய்த சாம்பிள் பேஸ்கள் அதை 'மீட்டாமல் விரலால் அழுத்திய சுரம்' என்று எடுத்துக்கொள்ளும். இரண்டாவது சுரம் தாக்கம் இல்லாமல் மெதுவாக வரும். வேண்டுமென்று செய்தால் அழகு: 33இலிருந்து 35க்கு ஏறுமிடத்தில் 15 டிக் மேலேற்றிப் பாருங்கள், ரிஷபமும் காந்தாரமும் ஒட்டிக்கொண்டு வரும். தெரியாமல் நடந்தால் சில சுரங்கள் காணாமல் போனது போலிருக்கும். கீபோர்டில் பெடலை மிதித்துக்கொண்டு பதிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், எல்லாச் சுரமும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். மிடி எடிட்டரில் 64ஆம் எண் கன்ட்ரோலர் வரிசையைத் திறந்து முழுவதையும் அழித்துவிடுங்கள்.

பைலா என்றால் புரோஜெக்டையே ஆறெட்டில் (6/8 தாளத்தில்) திறக்க வேண்டும். நான்கு நான்கில் திறந்து கிரிட்டில் ஒட்ட வைத்தால் துள்ளல் போய்விடும். ஆறில் 1இலும் 4இலும் முக்கிய சுரம், 6இல் அடுத்ததற்கு ஏறும் குட்டிச் சுரம் என்று தொடங்குங்கள். 1இல் சட்ஜம், 4இல் பஞ்சமம் வைத்தால் ஆட ஆட்கள் எழும்புவார்கள்.

சிந்த் பேஸை வெறுமையிலிருந்து கட்டுதல்

டான்ஸ் ட்ராக்குக்குப் பிரிசெட் தேடுவதைவிடச் சொந்தமாகக் கட்டுவது வேகமான வழி. வைட்டலிலோ சேர்ஜிலோ வெறும் ஆரம்பப் பேட்சை (ஒலி அமைப்பை) திறந்துகொள்ளுங்கள்.

முதல் ஒஸிலேட்டரில் (ஒலி அலையை உண்டாக்கும் பகுதி) கரகரப்பான ஸோ அலை, இரண்டாவதில் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே மழமழப்பான சைன் அலை, முதலாவதைவிட 6 டெசிபல் குறைவாக. கீழிறக்கிய ஒஸிலேட்டர் உள்ள பேட்சுக்கு மேலே எழுதிய 31ஐ அப்படியே கொடுத்தால் சைன் 24.5 ஹேர்ட்ஸில் ஒலிக்கும். காதுக்கு எதுவும் கேட்காது, மீட்டர் மட்டும் சிவப்பாகும். வரி முழுவதையும் ஒரு ஸ்தாயி ஏற்றி, சட்ஜத்தை 43இல் எழுதுங்கள்.

யூனிசனை, அதாவது ஒரே அலையின் எத்தனை பிரதிகள் சேர்ந்து ஒலிக்கும் என்ற எண்ணை, 1இல் வையுங்கள். பேட்சைத் 'தடிப்பாக்க' இரண்டு ஸோ அலைகளைக் கொஞ்சம் விலக்கி வைப்பது மேல் ஸ்தாயியில் நன்றாக இருக்கும், அடியில் கழுத்தை அறுக்கும். 55 ஹேர்ட்ஸ் சுரத்தில் இரண்டு அலைகளை 10 சென்ட் (அரைச்சுரத்தின் பத்தில் ஒரு பங்கு) விலக்கினால் அவற்றின் வித்தியாசம் 0.32 ஹேர்ட்ஸ், ஏறத்தாழ 3 செக்கனுக்கு ஒரு முறை இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். ஒரு பாரில் பேஸ் இடிக்கும், அடுத்த பாரில் இருக்காது. கொம்பிரசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) போட்டு இதைச் சரிசெய்ய முயல்பவர்கள் பலர், சரிவராது. அகலம் வேண்டுமென்றால் ஸோ அலைக்கு மட்டும் யூனிசன் கொடுத்து, அதில் 150 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டிவிட்டு, அடியைச் சைனிடம் தனியாக விடுங்கள்.

ஃபில்டர்: லோ-பாஸ் (கட்-ஓஃப் என்ற எல்லைக்கு மேலுள்ளதைக் குறைப்பது), 24 டெசிபல், கட்-ஓஃப் 250 ஹேர்ட்ஸ், ரெசனன்ஸ் 10 முதல் 15 சதவீதம். இதைத் திறந்து மூட ஒரு என்வலப் (நேரத்தோடு அளவை மாற்றுவது): அட்டாக் (ஏறும் நேரம்) பூச்சியம், டிகே (இறங்கும் நேரம்) 300 மில்லிசெக்கன், சஸ்டெய்ன் (இறங்கி நிற்கும் அளவு) 25 சதவீதம், ரிலீஸ் (கட்டையை விட்டபின் அடங்கும் நேரம்) 70 மில்லிசெக்கன். தாக்கத்தின்போது கட்-ஓஃப் 1200 ஹேர்ட்ஸ் வரை ஏறும்படி அளவைக் கூட்டுங்கள். பேஸ் 'பவ்' என்று வாய் திறப்பது இதனால்தான். டிகேயை 120க்குக் குறைத்தால் 'டுப்' ஆகும். இந்த ஒரு குமிழை மட்டும் பத்து நிமிடம் திருப்பிக் கேட்டால் பாதி சிந்த் பேஸ் விளங்கிவிடும்.

வொலியூம் என்வலப்பில் அட்டாக் 3 மில்லிசெக்கன், ரிலீஸ் 50. இரண்டையும் பூச்சியமாக்காதீர்கள். 50 ஹேர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்க 20 மில்லிசெக்கன் எடுக்கும், அதன் நடுவில் வெட்டினால் 'க்ளிக்' கேட்கும். ரிலீஸ் 300க்குப் போனால் மறுபக்கத்துத் தொல்லை: நீங்கள் 720 டிக்கில் கவனமாக நிறுத்திய சுரம் நிற்காது, வால் பிடித்து ஸ்னெயரின் மேல் ஏறும்.

குரல் எண்ணிக்கையை மோனோவாக்கி (ஒரு நேரத்தில் ஒரே சுரம்), லெகாட்டோ (சுரங்களை ஒட்டி வாசிப்பது) போட்டு, கிளைடை (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் நேரத்தை) 50 மில்லிசெக்கனில் வையுங்கள். கடைசியாக ஃபேஸ், அதாவது அலை தன் சுற்றின் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பது. வைட்டலின் ஒவ்வொரு ஒஸிலேட்டரிலும் ஃபேஸ் ரேண்டம் என்ற அளவு உண்டு, அதைப் பூச்சியமாக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுரமும் அலையின் வேறு இடத்திலிருந்து தொடங்கி, கிக் ட்ரம்மோடு சேரும்போது ஒரு அடி பலமாகவும் மறு அடி பலவீனமாகவும் வரும்.

டெக்ஸ்டில் ஒரு குறுக்குவழி: ஆறு ஒபரேட்டர்களில் (அலையை உண்டாக்கும் பகுதிகளில்) இரண்டை மட்டும் திறந்து, ஒன்றை மற்றதன் அலையை மாற்றும் மொடியூலேட்டராக விட்டு, இரண்டின் விகிதத்தையும் 1 ஆக்கி, மொடியூலேட்டரின் டிகேயை மட்டும் குறுக்குங்கள். 1983இல் வந்த டிஎக்ஸ்7 எண்பதுகளின் பொப் பாடல்களுக்குக் கொடுத்த ரப்பர் பேஸ் அதுதான்.

808 வகைப் பேஸ் வேண்டுபவர்கள் சாம்பிளின் சொந்தச் சுரத்தை ட்யூனரில் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அது 1980இல் வெளியான ரோலண்ட் டிஆர்-808 ட்ரம் இயந்திரத்தின் கிக், அடிப்படையில் ட்ரம். சாம்பிளர் அதை சி என்று எண்ணிக்கொண்டிருக்கும், அது உண்மையில் ஜி-ஷார்ப்பாக இருக்கும், பாட்டு முழுக்கச் சுருதி விலகும். 808 ஒலிக்கும் இடத்தில் வேறு கனமான கிக் போடாதீர்கள்.

எங்கே கேட்பது

பத்தடி நீள சீமெந்து அறை என்றால் அதன் நீளவாட்டு ஒத்ததிர்வு ஏறத்தாழ 56 ஹேர்ட்ஸ். மிடி 33க்கு மிக அருகில். அந்த அறையில் 33 மட்டும் பூதம் போல வரும், நீங்கள் அதைக் குறைப்பீர்கள், வெளியே கேட்கும்போது அந்தச் சுரம் மட்டும் இருக்காது. பன்னிரண்டடி அறையில் இதே தொல்லை 47 ஹேர்ட்ஸில். 28 முதல் 45 வரை எல்லாச் சுரத்தையும் ஒரே வெலோசிட்டியில் வரிசையாக வாசித்து எவை ஊதுகின்றன என்று குறித்துவையுங்கள், அவற்றின் வொலியூமை ஸ்பீக்கரில் தீர்மானிக்காமல் கம்பி ஹெட்செட்டில் தீர்மானியுங்கள். கேட்கும்போது சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். வெக்கைதான், ஆனால் அதன் இரைச்சல் அடி ஒலிகளை மூடி, பேஸைத் தேவைக்கு மேல் கூட்ட வைக்கும்.

பக்திப் பாட்டு கடைசியில் ஒலிக்கப்போவது கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியிலும் போனிலும். இரண்டிலும் 49 ஹேர்ட்ஸ் வராது. ஆனால் அதன் மடங்குகளான 196, 245, 294, 343 வந்தால் காது இல்லாத அடியைத் தானே நிரப்பிக்கொள்ளும். அதற்கு ஒரு வழி: பேஸ் ட்ராக்கிலிருந்து ஒரு சென்ட் (அதே ஒலியை வேறு ட்ராக்குக்கு அனுப்பும் கிளை) எடுத்து, அதில் 250 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, சச்சுரேஷன் (ஒலியைச் சற்றுச் சிதைத்து மடங்குகளைக் கூட்டுவது) நிறையப் போட்டு, மூலத்தைவிட 12 முதல் 15 டெசிபல் குறைவாகக் கலக்குங்கள். ட்ராக்கை டூப்ளிகேட் செய்தும் இதைச் செய்யலாம் என்பார்கள். சிந்தில் ஃபேஸ் ரேண்டம் இருந்தால் இரண்டு பிரதிகளும் ஒரே ஒலி ஆகா, ஆகவே சென்ட் பாதுகாப்பு.

மிக்ஸில்

பேஸ் ட்ராக் உச்சத்தில் மைனஸ் 10 டெசிபலில் நிற்கட்டும், முழுப் பாட்டும் சேரும் மாஸ்டர் மைனஸ் 6ஐத் தாண்டாமல். ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாகக் கூட்டிக் குறைப்பது) 30 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். 250 சுற்றில் 2 அல்லது 3 டெசிபல் குறைத்தால் மங்கல் நீங்கும், 800 சுற்றில் 2 கூட்டினால் விரல் தெரியும். கொம்பிரசர் 4:1, அட்டாக் 25 மில்லிசெக்கன், ரிலீஸ் 120, ஊசி 3 முதல் 5 டெசிபல் வரை அசைந்தால் போதும். அட்டாக்கை 1க்குக் குறைப்பவர்கள் தாக்கத்தையே நசுக்கிவிட்டு, பிறகு அதை ஈக்யூவில் தேடுவார்கள்.

டான்ஸ் ட்ராக்கில் கிக்குக்கு வழிவிட சைட்செயின் வேண்டும்: பேஸில் ஒரு கொம்பிரசர், அதைத் தூண்டுவது கிக், அட்டாக் 2, ரிலீஸ் 90 மில்லிசெக்கன், குறைப்பு 4 டெசிபல். பக்திப் பாட்டில் இது தேவையில்லை, சுரத்தின் நீளத்தாலேயே அந்த வேலை முடிந்திருக்கும். 120 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மோனோ, இடம் வலம் இரண்டிலும் ஒன்றே. பேஸுக்கு ரிவர்ப் வேண்டாம்.

பாட்டை முடிக்க வேறு ஸ்டூடியோவுக்குக் கொடுப்பதானால் பேஸை மூன்றாக ஏற்றுமதி செய்யுங்கள்: எஃபெக்ட் எதுவுமில்லாத 24 பிட் மோனோ வேவ், எஃபெக்ட்டோடு ஒன்று, மிடி ஃபைல். மூன்றும் முதல் பாரின் தொடக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும், பேஸ் பல்லவியில்தான் நுழைகிறது என்றாலும். ஃபைல் பெயரில் வேகத்தையும் கட்டையையும் எழுதுங்கள், 'பேஸ்_96_5கட்டை' என்பது போல. அங்கே உங்கள் பிளக்-இன் இருக்காது, ஆனால் மிடி இருந்தால் அவர்களிடமுள்ள நல்ல பேஸில் அதே வரியை ஓடவிடலாம்.